கிரீன்லாந்து தீவென்றால் ஆஸ்திரேலியா எப்படிக் கண்டம்?

கேள்வி இதுதான்: ஆஸ்திரேலியாவைச் சுற்றிலும் கடல், கிரீன்லாந்தைச் சுற்றிலும் கடல். பிறகு ஏன் ஒன்று கண்டம், மற்றொன்று தீவு? எத்தனை சதுர கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு தீவு கண்டமாகும்? அதை முடிவு செய்வது யார்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேர்வில் கேட்டால், மிகச் சிறிய கண்டம் ஆஸ்திரேலியா, மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். மதிப்பெண் கிடைக்கும். கீழே நான் சொல்லப்போவதை எழுதினால் கிடைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அப்படி ஓர் எல்லை எண்ணை எந்த உலக அமைப்பும் வகுத்து வைக்கவில்லை. புளூட்டோ கோளா இல்லையா என்ற தகராறு வந்தபோது 2006இல் பிராக் நகரில் வானியலாளர்கள் கூடி, வாக்கெடுத்து, ஒரு வரையறையை எழுதினார்கள். கண்டங்களுக்கு அப்படி ஒரு கூட்டமும் நடக்கவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. இருப்பது பழக்கம் மட்டும். அந்தப் பழக்கம் இதுவரை சண்டையில்லாமல் ஓடுவதற்குக் காரணம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெரிய இடைவெளி. டாஸ்மேனியா போன்ற தீவுகளைச் சேர்க்காமல் ஆஸ்திரேலியப் பெருநிலம் மட்டுமே சுமார் 76 லட்சம் சதுர கிலோமீட்டர். அதற்கு அடுத்த தனி நிலம் கிரீன்லாந்து, சுமார் 21.66 லட்சம். கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு வித்தியாசம். நடுவில் ஒன்றுமே இல்லை. அப்புறம் நியூ கினி, போர்னியோ என்று எட்டு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடுவில் 45 லட்சத்தில் ஒரு நிலம் இருந்திருந்தால் இந்நேரம் அடிதடியே நடந்திருக்கும்.

"படத்தில் இரண்டும் அவ்வளவு வித்தியாசமாகத் தெரியவில்லையே" என்று பலர் கேட்பார்கள். அது வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தின் வேலை. 1569இல் மெர்கேட்டர் வரைந்த முறை அது. மாலுமிகள் திசை தவறாமல் கோடு போட்டுப் போவதற்காகச் செய்தது. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துக் காட்டும். கிரீன்லாந்தின் நடுப்பகுதி இருக்கும் அட்சரேகையில் நீளத்திலும் அகலத்திலும் மூன்று மடங்குக்கு மேல் இழுபடும்; பரப்பளவில் பத்து மடங்கு. அதனால்தான் ஆப்பிரிக்காவும் கிரீன்லாந்தும் ஒரே அளவாகத் தெரிகின்றன. உண்மையில் ஆப்பிரிக்காவுக்குள் கிரீன்லாந்தைப் பதினான்கு முறை வைக்கலாம். நம் இந்தியாவே அதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. வீட்டில் பிள்ளைகளின் உருண்டைக் கோளம் இருந்தால் ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ஆனால் அளவை வைத்து மட்டும் சொன்னால் அது பாதிப் பதில்தான். 'கண்டம்' என்று நாம் சொல்வது ஒரு சொல்லே அல்ல, ஒரே உடுப்புப் போட்ட இரண்டு சொற்கள். ஒன்று பள்ளிக்கூடக் கண்டம், மற்றொன்று பாறையைத் தோண்டிப் பார்க்கிறவர்களின் கண்டம். இரண்டையும் கலந்துகொள்வதால்தான் குழப்பம் முழுவதும்.

பள்ளிக்கூடக் கண்டத்தைப் பார்ப்போம். நம் மொழியில் கண்டம் என்றால் துண்டு. கண்டதுண்டமாக வெட்டினான் என்கிறோமே, அதே கண்டம். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வைத்திருக்கும் சொல்லோ லத்தீனில் 'தொடர்ந்து ஒன்றாக இருக்கும் நிலம்' என்ற பொருளில் பிறந்தது. அவர்கள் விட்டுப்போகாத நிலத்தைப் பார்த்தார்கள், நாம் வெட்டின துண்டைப் பார்த்தோம். இன்னும் பழைய தமிழில் போனால் நாவலந்தீவு என்று ஒரு சொல் வரும். நாம் வாழும் இந்தப் பெருநிலத்தையே தீவு என்று சொன்ன மரபு அது. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியாகவும் படுகிறது. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மூன்றும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரே நிலம். அதையும் நாலாபுறமும் கடல்தான் சூழ்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பிரித்தது 1869இல் மனிதன் வெட்டிய சூயஸ் கால்வாய். இரண்டு அமெரிக்காக்களையும் 1914இல் பனாமா கால்வாய் வெட்டியது. வாய்க்கால் வெட்டினால் கண்டம் பிறந்துவிடுமா என்ன? ஆக, 'நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு' என்று ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வரி இந்தக் கேள்விக்கு உதவவே உதவாது.

நீரை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல் மட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், ஏராளமான தண்ணீர் நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்தது. கடல் இன்றைய மட்டத்தைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது பிரிட்டன் தீவு இல்லை, ஐரோப்பாவிலிருந்து நடந்தே போகலாம். சுமத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் ஆசியாவோடு ஒட்டியிருந்தன. இலங்கையும் தீவு இல்லை. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே மணல் திட்டுகள் தலை தூக்கிக்கொண்டு கிடக்கின்றன. அந்தக் கடலைத் தீர்த்துவிட 120 மீட்டர் எதற்கு, அதில் சிறு பங்கு போதும்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூ கினியும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள டோரஸ் நீரிணை மிக ஆழம் குறைந்தது. பனியுகத்தில் ஆஸ்திரேலியா, நியூ கினி, டாஸ்மேனியா மூன்றும் ஒரே நிலம். ஆய்வாளர்கள் அதை சாகுல் என்பார்கள். நியூ கினி தனியானது ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்புதான். இதை நிரூபிக்கக் கடலில் இறங்கத் தேவையில்லை, விலங்குகளைப் பார்த்தாலே போதும். நியூ கினிக் காடுகளில் மரத்தில் ஏறும் கங்காரு இருக்கிறது. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் எக்கிட்னாவும் இருக்கிறது. அதே நியூ கினிக்கு மேற்கே, பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவில் உள்ள நீரிணை வெறும் 35 கிலோமீட்டர் அகலம். ஆனால் அது ஆழமானது, பனியுகத்திலும் வற்றவில்லை. அதனால் பாலியில் புலி இருந்தது (போன நூற்றாண்டில் அற்றுப்போனது), லொம்போக்கில் புலி கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் அங்கே சுற்றித் திரிந்தபோது கண்டுபிடித்த எல்லை அது. இன்றும் அவர் பெயரில்தான் வாலஸ் கோடு என்கிறார்கள்.

பார்த்தீர்களா, கடலின் அகலத்தைவிட ஆழம்தான் விஷயம். ஆழம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் பாறைக்கு வந்து சேருவோம். இதுதான் இரண்டாவது கண்டம்.

பூமியின் மேலோடு எல்லா இடத்திலும் ஒரே சரக்கு அல்ல. நிலத்துக்குக் கீழே இருப்பது கருங்கல் வகை. எடை குறைவு, தடிமன் அதிகம். சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். ஆழ்கடலுக்குக் கீழே இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் வகைப் பாறை. கனம் கூடுதல், ஆனால் மெலிசு. ஏழு கிலோமீட்டர் அளவுதான். இரண்டும் கீழே உள்ள சூடான அடுக்கின் மேல் மிதக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த, லேசான கட்டை உயரமாக மிதக்கும். மெலிந்த, கனமான பலகை தாழ்ந்து கிடக்கும், அதன் மேல் தண்ணீர் தேங்கும். கண்டம் மேட்டிலும் கடல் பள்ளத்திலும் இருப்பதற்கு இதுவே காரணம். வயதிலும் பெரிய வித்தியாசம். கடலடிப் பாறை பிறந்து, நகர்ந்து, மறுபடி பூமிக்குள் போய்விடும். அதில் பெரும்பாலானது 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. கண்டப் பாறையோ உள்ளே இறங்காது. மிதந்துகொண்டே 300 கோடி, 400 கோடி ஆண்டு வரை தாக்குப்பிடிக்கும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் தீவுகளே இரண்டு சாதியாகப் பிரியும். ஹவாயும் ஐஸ்லாந்தும் கடலடியிலிருந்து எரிமலை கக்கிக் கக்கி எழுந்தவை. ஐஸ்லாந்து ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் அதில் மிகப் பழைய பாறைக்கு வயது ஒன்றரைக் கோடி ஆண்டு சொச்சம்தான். அது எவ்வளவு வளர்ந்தாலும் நிலவியலாளர் அதைக் கண்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அதற்கு நேர்மாறு செஷல்ஸ். வரைபடத்தில் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அதன் முக்கியத் தீவுகள் சுத்தமான கருங்கல், பழைய கண்டம் ஒன்றிலிருந்து உடைந்து நடுக்கடலில் நின்றுவிட்ட சில்லு. இலங்கையும் மடகாஸ்கரும் இதே சாதி.

இங்கே ஒரு சென்னைக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கும் கருநிறக் கல்லுக்கு உலக நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் இந்த வகைக் கல்லைப் பார்த்துவிட்டு, தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். அதே வகைப் பாறை இலங்கையில் இருக்கிறது, மடகாஸ்கரில் இருக்கிறது, பனிக்கடியில் கிழக்கு அன்டார்க்டிகாவிலும் இருக்கிறது. கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இவையெல்லாம் ஒட்டிக் கிடந்ததன் தடயங்களில் ஒன்று அது. பல்லாவரத்து மலையும் அன்டார்க்டிகாவும் ஒரு காலத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றால் முதலில் சிரிப்புத்தான் வரும்.

இப்போது கிரீன்லாந்துக்குத் திரும்பலாம். பாறையை வைத்துப் பார்த்தால் அது கண்டப் பாறைதான், சந்தேகமே இல்லை. தென்மேற்கில் இசுவா என்ற இடத்தில் 370 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பாறைகள் இருக்கின்றன, உலகிலேயே மிகப் பழையவற்றில் சேர்த்தி. ஆனால் அந்தப் பழைய பாறைப் பாளம் அங்கேயே முடிவதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கனடாவின் லாப்ரடார் கரையில் அதே பாளம் தொடர்கிறது. வடமேற்கில் கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே உள்ள நேர்ஸ் நீரிணை சில இடங்களில் 30 கிலோமீட்டரைவிடக் குறுகல். துருவக் கரடி, கஸ்தூரி எருது, துருவ நரி என்று விலங்குகளும் அந்தப் பக்கத்துச் சொந்தங்களே. அதனால் நிலவியலாளரைக் கேட்டால் 'கண்டமாகும் அளவுக்கு அது வளரவில்லை' என்று சொல்ல மாட்டார். 'அது ஏற்கெனவே வட அமெரிக்கக் கண்டத்தின் ஒரு துண்டு' என்பார். ஆஸ்திரேலியாவோ அப்படி யாருடைய துண்டும் அல்ல. அதன் கண்டப் பாறை, கரையை ஒட்டி ஆழம் குறைந்த கடலுக்கடியில் நீளும் கண்டத்திட்டோடு முடிந்து, சுற்றிலும் ஆழ்கடலில் இறங்கிவிடுகிறது.

உண்மை இவ்வளவு நேர்த்தியானதும் இல்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் லாப்ரடார் கடல் பிளந்து விரிய ஆரம்பித்தது. கிரீன்லாந்து வட அமெரிக்காவை விட்டுக் கழன்றுகொண்டு, கொஞ்ச காலம் தனித் தட்டாகவே நகர்ந்தது (பூமியின் மேற்பகுதி பிரிந்து கிடக்கும் நகரும் பெரிய பாளங்களைத்தான் தட்டு என்கிறோம்). மூன்று கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு அந்தப் பிளவு நின்றுபோய்விட்டது. நிற்காமல் போயிருந்தால் இன்று இந்தக் கேள்விக்கே வேறு பதில் எழுதவேண்டி வந்திருக்கலாம்.

"தனித் தட்டு இருந்தால் கண்டம், இல்லாவிட்டால் தீவு" என்று ஒரு சுருக்கப் பதிலையும் அடிக்கடி பார்க்கிறேன். அதை நம்ப வேண்டாம். இந்தியாவுக்குத் தனித் தட்டு உண்டு, அரேபியாவுக்கும் உண்டு. இரண்டையும் யாரும் கண்டம் என்பதில்லை. ஐரோப்பாவுக்குத் தனித் தட்டு கிடையாது. சைபீரியாவின் கிழக்குக் கோடி வட அமெரிக்கத் தட்டின் மேல் இருக்கிறது. ஐஸ்லாந்து இரண்டு தட்டுகளின் மேல் கால் அகட்டி நிற்கிறது. தனித்த உயிரினங்கள் இருந்தால் கண்டம் என்பது இன்னொரு வாதம். அப்படியானால் குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான லெமூரும் வேறெங்கும் இல்லாத பாவோபாப் மர வகைகளும் உள்ள மடகாஸ்கர்தான் முதலில் வரிசையில் நிற்கவேண்டும். ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்து சுமார் 16 கோடி ஆண்டு ஆகிறது அதற்கு. பரப்பளவோ 5.87 லட்சம்தான், நம் ராஜஸ்தானும் மகாராஷ்டிரமும் சேர்ந்த அளவைவிடக் குறைவு.

எந்த வரையறையைக் கொண்டுவந்தாலும் முரண்டு பிடிப்பது ஐரோப்பா. அளவில் ஆஸ்திரேலியாவைவிடப் பெரியது, சரி. ஆனால் ஆசியாவிலிருந்து அதைப் பிரிப்பது எது? பழைய கிரேக்கர்கள் டான் ஆற்றை எல்லையாக வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யர் வாசிலி தாத்திசேவ் போன்றவர்கள் எல்லையைக் கிழக்கே தள்ளி யூரல் மலையில் கொண்டுபோய் வைத்தார்கள். ரஷ்யாவின் முக்கியப் பகுதி ஐரோப்பாவுக்குள் வரவேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. இயற்கை போட்ட கோடு இல்லை அது. நேர்மையாகச் சொன்னால் ஐரோப்பா என்பது ஆசியாவின் மேற்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய தீபகற்பம். வரைபடம் போட்டவர்கள் அங்கே இருந்ததால் கண்டமாகிவிட்டது. உலகம் முழுவதும் ஏழு கண்டம் என்றுகூடப் பாடம் நடத்துவதில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் வட, தென் அமெரிக்கா இரண்டும் ஒரே கண்டம். வேறு சில நாடுகளில் ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்து யுரேசியா. ஒலிம்பிக் கொடியில் ஐந்து வளையம்.

அன்டார்க்டிகாவும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. சராசரியாக இரண்டு கிலோமீட்டர் அளவுக்குத் தடித்த பனியை எடுத்துவிட்டால், கிழக்கில் ஒரு பெருநிலமும் மேற்கில் கடலுக்குள் சிதறிய தீவுக் கூட்டமும்தான் மிஞ்சும். கிரீன்லாந்தின் நடுப்பகுதியும் பனியின் பாரத்தில் அமுங்கிக் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

2017இல் இந்த விவாதத்துக்கு ஒரு புது வேட்பாளர் வந்தார்: சீலாந்தியா. நியூசிலாந்தும் நியூ கலிடோனியாவும் இதன் தலைகள். உடம்பு முழுக்கக் கடலுக்குள். மொத்தம் சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் 94 சதவீதம் நீருக்கடியில். பெயர் 1995இலேயே புரூஸ் லுயண்டைக் என்ற ஆய்வாளர் வைத்தது. நிலவியலாளர் நிக் மார்ட்டிமரும் அவர் கூட்டாளிகளும்தான் இதைக் கண்டமாகவே ஏற்கவேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்தது நான்கு விஷயம்: சுற்றியுள்ள கடலடியைவிட உயரமா, பாறை வகை கண்டத்துக்கு உரியதா, மேலோடு கடலடியைவிடத் தடித்ததா, தெளிவான எல்லையும் போதிய பரப்பும் இருக்கிறதா. போதிய பரப்பு என்பதற்கு அவர்கள் முன்வைத்த எண் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். தொடக்கத்தில் கேட்ட எண்ணுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் இதுவும் சில ஆய்வாளர்களின் முன்மொழிவு, உலகச் சட்டம் அல்ல. இந்த அளவுகோலில் கிரீன்லாந்து பரப்பில் தேறிவிடும், தனி எல்லை என்ற இடத்தில் தோற்றுவிடும். நீருக்கு மேலே இருப்பது இந்தப் பட்டியலில் ஒரு தகுதியாகவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூழ்கிய கண்டம் என்றதும் குமரிக்கண்டம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கர் விலங்குகளுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவை விளக்க, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். நம் இலக்கியத்தில் கடல்கோள் பற்றி இருந்த செய்திகளோடு அது பின்னாளில் இணைந்துகொண்டது. ஆனால் நிலங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு மூழ்கிய நிலம் தேவைப்படவில்லை. சீலாந்தியா மூழ்கியதற்குக் காரணம் அதன் மேலோடு இழுபட்டு மெலிந்ததுதான், மூழ்கினாலும் கருங்கல் கருங்கல்லாகவே அங்கே கிடக்கிறது, தோண்டி எடுத்துக் காட்டலாம். குமரிமுனைக்குத் தெற்கே ஆழ்கடலில் இருப்பது பசால்ட். ஆனால் கரையை ஒட்டிய கண்டத்திட்டு பனியுகத்தில் நிலமாக இருந்து பின்னால் நீருக்குள் போனது உண்மை. கரையோரம் வாழ்ந்தவர்கள் நிலம் இழந்த நினைவு தலைமுறை தாண்டி வந்திருக்கலாம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கண்டம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நம் பக்கத்தில் உண்மையாகவே நடந்த கதை ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் அதிசயம். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து வடக்கே புறப்பட்டது. இலங்கையும் கூடவே வந்தது, செஷல்ஸ் வழியில் கழன்றுகொண்டது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வேகம். கண்டங்களுக்கு அது ஓட்டம். ஆசியாவில் வந்து மோத ஆரம்பித்தது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். இடைப்பட்ட மூன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல் இந்தியா நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலமாகவே இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரியின்படி தீவு. சீலாந்தியாவுக்குப் போட்ட நான்கு விதிகளின்படி கண்டம். மோதிய பிறகு துணைக்கண்டம். நிலம் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான். மோதியபோது நடுவில் இருந்த டெத்திஸ் கடலின் அடித்தளம் நசுங்கி மேலே வந்து இமயத்தில் ஏறிவிட்டது. சில வீடுகளில் பூஜையில் வைத்திருக்கும் சாளக்கிராமம் நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் எடுக்கப்படுகிறது. அதற்குள் இருக்கும் சுருள், அந்தக் கடலில் வாழ்ந்த, நம் ஊர்க் கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரின் ஓடு.